செந்தாமரைக்கு எத்தனை ஓட்டு

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: குடியிருப்போர் சங்கச் செயலாளர் இன்னாசி, மூன்றாம் மாடி விசாலம், தர்மசீலன், அவன் மனைவி செந்தாமரை. மற்றவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

விளையாட்டுத் திடலைக் கார் நிறுத்துமிடமாக மாற்றலாமா என்பதுதான் கேள்வி. ஒருவர் இனி எத்தனை ஆண்டு அங்கே குடியிருப்பார் என்று இயந்திரம் கணிக்கிறதோ, அவருக்கு அத்தனை ஓட்டு. காருக்கு இடம் வேண்டுமென்று தர்மசீலன் மனைவியையும் கையோடு இழுத்து வந்திருந்தான்.

அவனுக்கு முப்பத்தொன்று விழுந்தது. செந்தாமரை இயந்திரத்தில் விரலை வைத்தாள். பூஜ்யம்.

"என்னடி, புருஷன விட்டுட்டு எங்க கெளம்பிட்ட?" என்று விசாலம் சிரித்தாள்.

"மிஷின் கோளாறா இருக்கும். இன்னொரு தடவ வைம்மா," என்றார் இன்னாசி.

மறுபடியும் பூஜ்யம். செந்தாமரை விரலைச் சட்டென்று எடுத்தாள். புதன்கிழமை தர்மசீலன் வேலைக்குப் போனதும் ஒரேயடியாகக் கோவைக்குக் கிளம்பிவிட முடிவு செய்திருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

தர்மசீலன் திரையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த ஃபோனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். அவள் மணிக்கட்டைப் பிடித்து, விரலைத் தானே அழுத்தினான்.

முப்பத்தொன்று.

"அதான் சொன்னேன், கோளாறுதான்," என்று இன்னாசி நிம்மதியாகக் குறித்துக்கொண்டார்.

வீட்டு வாசல் வரை அவன் பிடியை விடவில்லை. அவளை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, வெளியே பூட்டினான்.