செகண்ட் ஹேண்ட் லென்ஸ்

"என்ன வேல்ராஜ், எல்லார் படமும் வந்துடுத்து. உம்ம இடம் மட்டும் காலியா இருக்கே?"

மும்பை மாட்டுங்கா ஹாலில் மறுநாள் பறவைப் படக் கண்காட்சி. கேட்டவர் கிளப் தலைவர் பத்ரிநாராயணன். தாராவியில் தோல் பை தைக்கும் வேல்ராஜ் தலையைச் சொறிந்தான்.

"சரியா வரல, சார்."

"எப்படி வரும்? செகண்ட் ஹேண்ட் லென்ஸாச்சே! என்னோடதுல எடுத்தா மீன்கொத்தியோட இறகை எண்ணலாம். உம்மதுல எடுத்தா அது மீன்கொத்தியா, மிளகா பஜ்ஜியான்னு ஜனங்க கேப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். பத்ரி சார் ஜோக்குக்கு முதலில் சிரிப்பவர் எப்போதும் பத்ரி சார்தான்.

சிரித்து முடித்து, சுவரில் நடுநாயகமாகத் தொங்கிய தன் படத்தைக் காட்டினார். மீனைக் கவ்விய மீன்கொத்தி.

"ஐரோலி கழிமுகத்துல ரெண்டு மணி நேரம் அசையாம உட்கார்ந்தேன், ஓய். பொறுமை வேணும்! இரை போட்டுப் பறவையை வரவழைக்கற வேலையெல்லாம் நம்ம கிளப்புல கிடையாது. எவனாவது பண்ணினான்னு தெரிஞ்சா அன்னிக்கே வெளில போகணும்."

முதல் தடவையாகக் கிளப்புக்கு வந்திருந்த வேல்ராஜின் மனைவி கோகிலவாணிக்குப் பொறுக்கவில்லை. கட்டின மனுஷன் நாலு ஞாயிற்றுக்கிழமை அதே ஐரோலி சேற்றில் கொசுக்கடி பட்டது எதற்கு? புருஷன் படம் ஹாலில் தொங்கப்போகிறது என்று ஊரில் உள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் வேறு சொல்லித் தொலைத்திருந்தாள்.

"படமா வரல? போன வாரம் எடுத்தது நல்லாத்தான இருக்கு!" என்று, கேமராவிலிருந்து ஏற்றிவைத்திருந்த படத்தைக் காட்டப் போனை எடுத்தாள்.

"ஏட்டி, சும்மா இரு."

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? நீங்களே பாருங்க சார். குருவி எவ்ளோ அழகா உக்காந்திருக்கு! பின்னாடி யாரோ தொப்பி போட்டுக்கிட்டுக் குனிஞ்சு நிக்காரு. அந்த ஆளை மட்டும் வெட்டிட்டா மாட்டிரலாம்லா?"

வேல்ராஜ் எட்டிப் பிடிப்பதற்குள் போன் பத்ரி சார் கைக்குப் போய்விட்டது.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கிளையில் மீன்கொத்தி காத்திருந்தது. பின்னால் சேற்றில் ஒரு பிளாஸ்டிக் டப். தொப்பிக்காரர் பையிலிருந்து அதில் உயிர் மீன்களைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

தொப்பி அவருடையது. மூக்கும் அவருடையது.

பத்ரி சார் சட்டென்று போனை அணைத்தார். வேல்ராஜை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"இதை ஏன்யா யார்கிட்டயும் காட்டலை?"

வேல்ராஜ், பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி சொன்னான்:

"பறவைப் படம்தான சார் கேட்டீங்க? இதுல பறவையைவிட நீங்கதான் தெளிவா விழுந்திருக்கீங்க."