வலது ஓரத்து ஆள்

"இன்னும் கொஞ்சம் திருப்புங்க. எங்கப்பா முகத்துல வெளிச்சம் நல்லா விழணும்" என்று எண்ணெய் மில் முதலாளி கீழே நின்று அதட்டினார்.

நூலக மாடியில் ஸ்டூல் மேல் ஏறி விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தவர், முப்பது வருஷமாக ஊரின் பழங்கதையைத் தேடி எழுதுகிறவர். ஊரில் அவருக்குப் பெயரே 'சரித்திரம்'தான். சுவரில் பெரிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தொங்கியது. ஏரி மதகில் வேலை பார்த்த ஏழு பேர், ஒரே மாதிரி சீருடையில், விறைப்பாக வரிசையில் நின்றார்கள்.

படிக்கட்டில் யாரோ தயங்கித் தயங்கி ஏறிவந்தார்கள். இஸ்திரிக்காரர்.

"துணியா? வீட்டுல குடுத்துட்டுப் போப்பா. இங்க ஏன் தூக்கிட்டு வர்றே?" என்றார் முதலாளி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"துணி இல்லீங்க. சாரைத்தான் பார்க்க வந்தேன்." இஸ்திரிக்காரர் சரித்திரத்தை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு எம்பொண்ணு படிக்கிற ஸ்கூலையே இந்தப் படத்தைப் பார்க்கக் கூட்டிட்டு வர்றாங்களாம். எங்கப்பா முகத்துல மட்டும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிடுங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒட்டிடலாமே! 'சாவியோட ஓடினவரு, ரொம்பக் கூச்ச சுபாவம்'னு கீழே எழுதியும் வச்சிடலாம்."

மூன்று மாதத்துக்கு முன்னால்தான் சரித்திரம் அந்த விசாரணை அறிக்கையைக் கண்டுபிடித்தார். அறுபது வருஷத்துக்கு முன்னால், வெள்ளம் வந்த அன்று நடந்தது அதில் இருந்தது. 'படத்தில் வலது ஓரம் நிற்பவர் மதகுச் சாவியோடு ஓடிவிட்டார். இடது ஓரம் நிற்பவர் பூட்டை உடைத்து, தனி ஆளாக மதகைத் திறந்து ஊரைக் காப்பாற்றினார்.'

பெயர்ப் பட்டியலையும், கூட இருந்த படத்தையும் கரையான் தின்றிருந்தது. சரித்திரம் விடவில்லை. மூடிக் கிடந்த ஸ்டுடியோவின் பரணில் ஏறி, அந்தப் படத்தின் நெகட்டிவான கண்ணாடித் தகட்டைத் தேடி எடுத்தார். படம் பத்திரிகையில் வந்ததும் ஊரே முகங்களை அடையாளம் சொல்லிவிட்டது. இடது ஓரம் முதலாளியின் அப்பா. வலது ஓரம் இஸ்திரிக்காரரின் அப்பா.

"பத்து நாளா பொண்ணு ஸ்கூலுக்குப் போகலீங்க. 'சாவித் திருடன் பேத்தி'ன்னு கூப்பிடுறாங்களாம். பரீட்சையே எழுத மாட்டேன்னு உட்கார்ந்திருக்கா."

"அதுக்கு நான் என்னப்பா பண்றது?" சரித்திரம் ஸ்டூலிலிருந்து இறங்கினார். "இது இஸ்திரிப் பெட்டியை வச்சு நேராக்குற சமாச்சாரமா? அந்தத் தகடு என் கைக்கு வந்தப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? எது முன்பக்கம், எது பின்பக்கம்னே தெரியாத அழுக்கு. ஒரு வாரம் துடைச்சு, நானே பிரிண்ட் போட்டேன். இந்த ஊர்ல வேற எவனுக்கு அது வரும்? உனக்காக அதுல காகிதம் ஒட்டணுமா?"

"அப்படிச் சொல்லுங்க சார்!" என்றார் முதலாளி. "மூக்கைப் பாருங்க, அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கு. வெள்ளம் வந்தா இவனும் முதல் ஆளா ஓடுவான். ரத்தம் எங்க போகும்?"

இஸ்திரிக்காரர் திரும்பி நடந்தார். படிக்கட்டு வரைக்கும் போனவர், நின்றார்.

"ஐயா, எங்க வீட்டுல அப்பா படம் ஒண்ணுகூட இல்லீங்க. எனக்கு ஏழு வயசா இருக்கும்போதே போயிட்டாரு. ஒருதடவை கிட்டப் போய்ப் பார்த்துக்கட்டுமா?"

"பாரு, பாரு. கையை மட்டும் வச்சிடாதே" என்றார் முதலாளி.

சரித்திரத்துக்கு என்ன தோன்றியதோ, மேஜை இழுப்பறையைத் திறந்து தன் லென்ஸை எடுத்தார். வேறு யாரையும் அவர் அதைத் தொடவிட்டதில்லை. "இதை வச்சுப் பாருப்பா. முகம் நல்லாத் தெரியும்" என்று நீட்டினார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இருந்த ஏளனம் அந்தக் குரலில் இல்லை.

இஸ்திரிக்காரர் அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு லென்ஸ் மெதுவாகக் கீழே இறங்கியது. காலரைத் தாண்டி, நெஞ்சுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

அவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். அதற்கடுத்த ஆளைப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே இடது ஓரம் வரைக்கும் போய்விட்டார்.

"என்னய்யா, அப்பனை மாத்திக்கலாம்னு பார்க்கிறியா?" என்று கேட்டார் முதலாளி.

"இல்லீங்க..." இஸ்திரிக்காரர் சரித்திரத்தின் பக்கம் திரும்பினார். "தப்பா நினைக்காதீங்கய்யா. எத்தனையோ ஆயிரம் ஆம்பளைச் சட்டை என் கையில வந்து போயிருக்கு. எல்லாத்துலயும் பை இடது பக்கம்தான். இதுல ஏழு பேருக்கும் வலது பக்கம் இருக்குதே, அது எப்படிங்க?"

சரித்திரம் லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தார். அலமாரிக்கு ஓடினார். கண்ணாடித் தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மெதுவாக அதன் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"என்ன சார் ஆச்சு? சொல்லித் தொலைங்க!" என்றார் முதலாளி.

"பிரிண்டை இடம் வலம் மாத்திப் போட்டுட்டேன், முதலாளி. சாவியோட ஓடினது உங்கப்பா."