ஒன்பதாவது நாற்காலி

"படம் வேண்டாம்மா. குரல் போதும்."

பக்கத்து நாற்காலிப் பெரியவர் இன்றும் அதையேதான் சொன்னார். லைன் கொடுக்கும் பெண் தலையாட்டிவிட்டு ஏதோ பட்டனைத் தட்டினாள். அவர் எதிரே இருந்த திரை இருண்டது.

அக்கா இவளை முழங்கையால் இடித்தாள். "பாத்தியா?"

தொற்று பயத்தில் ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடுவதில்லை. வாசலை ஒட்டிய இந்த அறையில், நாலு மணியிலிருந்து ஐந்து வரை, உள்ளே இருப்பவர்களைத் திரையில் பார்த்துப் பேசலாம். இவள் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். மூன்று வாரமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள்.

பெரியவரின் மனைவிக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. மறுமுனையில் அந்த அம்மா என்ன கேட்டாரோ, இவர் அலுத்துக்கொண்டார்.

"மூஞ்சியப் பாத்து என்ன ஆகப்போகுது? முப்பத்தாறு வருஷமாப் பாத்த மூஞ்சிதானே. மாத்திரை போட்டியா, அதைச் சொல்லு."

"கட்டினவ உள்ள படுத்துக் கிடக்கா. பேச்சைப் பாரு," அக்கா கிசுகிசுத்தாள். "கல்நெஞ்சம்."

இவளும் தலையாட்டினாள். கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. மகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் இதுகூடக் கிடைக்கவில்லை. பஸ் தாமதம். இவள் வந்து சேர்வதற்குள் எட்டுப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அதோ, ஒன்பதாவது நாற்காலி காலியாத்தானே இருக்கு?"

"நாற்காலி இருக்கு, லைன் இல்லைங்க. எட்டுப் படம்தான் தாங்கும். இன்னொண்ணை விட்டா எல்லாருக்குமே நின்னு நின்னு வரும்."

கெஞ்சினாள், அழுதாள். அந்தப் பெண் மசியவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து, இவள் வாய் திறக்கும் முன்பே ஒன்பதாவது நாற்காலியைக் காட்டினாள்.

நாளைக்குக் குழந்தையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்து மணிக்கு எல்லோரும் கலைந்ததும், இவள் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிம்மா. எனக்காக லைனைக் கூட்டிக் கொடுத்தீங்களே, மறக்கவே மாட்டேன்."

"நான் எங்க கூட்டினேன்? இன்னிக்கும் அதே எட்டுப் படம்தான்."

"அப்போ இவளுக்கு ஏது இடம்?" என்றாள் அக்கா.

அந்தப் பெண் காலியாகிவிட்ட எட்டாவது நாற்காலியைப் பார்த்தாள்.

"ஒரு படம் போற இடத்துல பத்துப் பேர் குரல் போகும். நீங்க அழுதுட்டுப் போனீங்களே, அன்னிக்கே பெரியவர் என்கிட்ட விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டார். அப்புறம் சொன்னார்: 'பச்சக் குழந்தைக்குப் பேசவா தெரியும்? அந்தப் பொண்ணுக்குப் பாத்தாத்தான் உண்டு. என் வீட்டுக்காரிக்கு வாய் ஓயாது, எனக்கு அது போதும். என் படத்தை எடுத்து அவளுக்குக் கொடுத்துடு.'"