ரஜீவன் மாஸ்டர் வீட்டு வேப்பிலை

உப்புவெளி ஊரில அண்டைக்குக் காலமை பெரிய கதை இதுதான்: ரஜீவன் மாஸ்டர் வீட்டு வாசல் படலையில வேப்பிலை!

விஞ்ஞானம் படிப்பிக்கிற மனுசன். பள்ளிக்கூட மூடநம்பிக்கை ஒழிப்புக் கழகத்துக்குச் செயலாளர் வேற. கழகத் தலைவர் குலசிங்கம் சேருக்குக் கேட்டவுடன பத்திக்கொண்டு வந்திட்டுது. சைக்கிளை எடுத்து ஒரே மிதி.

"ரஜீவன்! வெளியில வாரும் காணும்!"

மாஸ்டர் முகக்கவசத்தோட வாசலுக்கு வந்தார்.

"என்ன கூத்து இது? மகளுக்கு அம்மாள் வருத்தமோ, அம்மையோ?"

"இல்லை சேர். யதுஷாவுக்குப் பொல்லாத இரத்தப் புற்றுநோயெல்லோ? கொழும்பில புது மருந்து ஏத்தினவை. உடம்பின்ர காவல்காரரைத் தட்டியெழுப்பி, நோய்க்கு மேல ஏவி விடுற மருந்து. அவங்கள் சண்டை பிடிக்கேக்க காய்ச்சலும் வரும், உடம்பும் சிவப்பாய்த் தடிக்கும். டாக்குத்தருக்குப் போனில காட்டினனான், பயப்பிடாதேங்கோ எண்டவர்."

"அப்ப தெரிஞ்சுகொண்டே கட்டியிருக்கிறீர்! வெக்கமாயில்லையே? போன மாசம்தானே மேடையில ஏறி, 'வேப்பிலை ஆட்டுக்குத்தான் நல்லது' எண்டு முழங்கினீர்?"

"ஓம் சேர், முழங்கினனான்தான்."

"'மாஸ்டரும் அம்மாளிட்ட வந்திட்டார்' எண்டு உம்மட பக்கத்து வீட்டுக் குணேஸ்வரி அக்கா கோயிலில கற்பூரம் கொளுத்திப்போட்டா. என்ர மானம் கப்பலேறிப் போச்சுது!"

ஆத்திரத்தில சேருக்கு ஒரு தும்மல் வந்துது. மாஸ்டர் ரெண்டடி பின்னுக்குப் போனார்.

"சேர், பிள்ளைக்கு இப்ப ஒரு தடிமன் சளி தொத்தினாலே உயிருக்கு ஆபத்து. அதுக்குத்தானே போன கிழமை பெரிய காட்போட் மட்டையில, 'தயவுசெய்து உள்ளே வரவேண்டாம்' எண்டு எழுதிப் படலையில தொங்கவிட்டனான்."

"ஓம், கண்டனான். வடிவான எழுத்து."

"கண்டுபோட்டுத்தானே உள்ள வந்து ரெண்டு பிளேன்ரீ குடிச்சனீங்கள்!"

சேர் சைக்கிள் மணியை ஒருக்கா அடிச்சுப் பார்த்தார்.

"குணேஸ்வரி அக்கா இருமி இருமிப் பிள்ளையைக் கொஞ்சினவ. என்ர சிநேகிதர் மஹ்ரூப் நானா கிண்ணியாவிலயிருந்து வேன் பிடிச்சு, வீட்டுச் சனம் முழுக்கக் கூட்டிக்கொண்டு வந்தவர். வேண்டாமெண்டால், 'நாங்கள் என்ன பிறத்தியாரோ?' எண்டு கோவம். நானும் மனுசியும் அழாத குறை."

"இப்ப?"

"அம்மாள் வந்த வீட்டுக்கு ஆர் சேர் வருவினம்? ஒரு காகம் குருவி கிட்ட வரேல்லை. மஹ்ரூப் நானா பிள்ளைக்குக் கொண்டுவந்த இனிப்பு வட்டிலப்பத்தைப் பையோட படலையில கொழுவிப்போட்டுப் போட்டார். அக்கா இளநியை மதிலில வைச்சிட்டு ஒரே ஓட்டம்!"

யன்னலுக்குள்ளால ஒரு மொட்டைத் தலை எட்டிப் பார்த்தது.

"குலசிங்கம் மாமா, உள்ள வராதேங்கோ! அம்மாள் கோவிப்பா!" எண்டு கத்திப்போட்டு, யதுஷா விழுந்து விழுந்து சிரிச்சாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாஸ்டருக்குக் கண் கலங்கிப் போச்சுது.

சேருக்கோ விட மனமில்லை.

"எண்டாலும் ரஜீவன், படிச்ச நாங்களே இதைச் செய்யலாமோ? தலைவர் எண்ட முறையில சொல்லுறன், வேப்பிலைக்கு ஒரு சக்தியும் இல்லை!"

"சத்தியமாய் இல்லை, சேர்," எண்டார் மாஸ்டர். "ஆனால் மட்டை தொங்கேக்க படலையைத் தள்ளிக்கொண்டு வந்த நீங்கள், இண்டைக்கு ஏன் சேர் சைக்கிளை விட்டே இறங்கேல்லை?"