ஓநாய் ஜெபம்

பெயரைக் கேட்டதும் பஞ்சு கூசாமல் பொய் சொன்னான்.

"பீட்டர். இவன் பால்."

பக்கத்தில் நின்ற மன்சூர் அலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு. பம்பாயில் பெயர் என்பது உயிரை வாங்கும் சமாசாரமாகிவிட்ட நேரம். இருவருக்கும் மாதுங்காவில் ஒரே மருந்துக் கடையில் வேலை. கம்பவுண்டர் பரீட்சைக்குக் கொஞ்சம் லத்தீன் தெரிந்தால் நல்லது என்று பைகுல்லாவில் ஒரு பாதிரியாரிடம் படித்துவந்தார்கள். அன்று பாடம் முடிந்து வெளியே வந்தால் டிராம் இல்லை. கடைகளெல்லாம் சாத்திக் கிடந்தன. சீக்கிரம் போய்விடலாம் என்று குறுக்குச் சந்தில் நுழைந்தார்கள். அங்கேதான் கும்பல் வளைத்துக்கொண்டது.

முகத்தில் கைக்குட்டை, கையில் தடி. முன்னால் நின்றவனிடம் கத்தி. எந்த மதத்துக் கும்பல் என்று தெரியவில்லை. தெரிந்துதான் என்ன? உண்மைப் பெயரைச் சொன்னால் இரண்டு பேரில் ஒருவன் செத்தான். மற்றவன் மட்டும் வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு சாப்பிடுவது? அதனால்தான் பீட்டரும் பாலும்.

"கிரிஸ்தாவா?" ஹிந்தியில் கேட்டான் கத்திக்காரன். "சிலுவை எங்கே?"

"வீட்ல இருக்கு, தாதா."

"ரெண்டு பேரோடதும் வீட்லயா?"

பஞ்சு சட்டைக் காலரை இழுத்து வெறுங்கழுத்தை மூடிக்கொண்டான்.

"சரி, ஜெபம் ஒண்ணு சொல்லு. சர்ச்சுல பாதிரி சொல்ற பாஷையில."

பாடப் புத்தகத்தின் முன்பாதி முழுக்க லத்தீன் பொன்மொழிகள். அத்தனையும் பஞ்சுவுக்குத் தலைகீழ்ப் பாடம். பாதிரியாரே மெச்சியிருக்கிறார். இப்போது ஒன்றுகூட வாயில் வரவில்லை. பயம் வந்தால் படிப்பெல்லாம் எங்கே ஓடிப்போகுமோ!

தடி ஒன்று அவன் முழங்காலில் இடித்தது.

மன்சூர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைகூப்பினான். "லூப்புஸ் எத் ஆக்னுஸ்..." என்று ஆரம்பித்தான்.

அது ஜெபமே இல்லை என்பது பஞ்சுவுக்குத் தெரியும். மன்சூருக்குப் பொன்மொழி எதுவும் மண்டையில் ஏறாது. பின்பாதியில் இருந்த மிருகக் கதைகளில் ஒன்றே ஒன்றுதான் மனப்பாடம். ஓடையில் தண்ணீர் குடிக்க வந்த ஆட்டுக்குட்டியை, தண்ணீரைக் கலக்கிவிட்டாய் என்று ஓநாய் வம்புக்கு இழுக்கிற கதை. அதைத்தான் படுபாவி இத்தனை உருக்கமாக ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்து!" கத்திக்காரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இது ஜெபம்தான்னு யாருக்குத் தெரியும்? அந்தச் சவப்பெட்டிக் கடை மதராஸியைக் கூப்பிடுங்க. அவன் சர்ச்சுக்குப் போறவன்."

முடிந்தது கதை என்று பஞ்சுவுக்குத் தோன்றியது.

சந்து முனையிலிருந்து சவப்பெட்டிக் கடைக்காரர் சவரிமுத்துவை இழுத்து வந்தார்கள். கனத்த உடம்பு, கழுத்தில் சிலுவை, முகத்தில் துளி ஈரம் கிடையாது. ஊரில் கலவரம் நடந்தால் இந்த ஆளுக்கு வியாபாரம்தானே, நமக்காக எதற்குப் பரிந்து பேசப் போகிறார் என்று நினைத்துக்கொண்டான் பஞ்சு.

"இது உங்க ஜெபமான்னு கேட்டுச் சொல்லு," என்றான் கத்திக்காரன். "பொய் சொன்னா உனக்கும் சேர்த்துத்தான்."

சவரிமுத்து இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தமிழில் அதட்டினார்.

"மண்டி போடுங்கலே! ஜெபத்த நின்னுக்கிட்டா சொல்லுவாக? மொதல்லருந்து சொல்லு. சத்தமா!"

இருவரும் மண்டியிட்டார்கள். மன்சூர் மறுபடி ஆரம்பித்தான். குரல் ஆட்டுக்குட்டியைவிட மோசமாக நடுங்கியது. ஓநாய் ஒவ்வொரு குற்றமாகச் சொல்கிறது. குட்டி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறது. சவரிமுத்து தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றார். பஞ்சுவின் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. மாதுங்காவில் அம்மா அபயாம்பாள் இந்நேரம் வாசலுக்கும் சமையலறைக்கும் அலைந்துகொண்டிருப்பாள்.

கதையில் இன்னும் ஒரே வரிதான் பாக்கி. மன்சூர் மூச்சு வாங்கினான்.

"ஆமென்!" என்று கத்தினார் சவரிமுத்து. சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். கத்திக்காரனைப் பார்த்து, "எங்க ஜெபம்தான் தாதா. சாவு வீட்ல சொல்றது. ரெண்டும் நம்ம ஆளுங்க," என்றார் ஹிந்தியில்.

கும்பலில் ஒருவன் தன்னையறியாமல் குல்லாயைக் கழற்றியிருந்தான். கத்தி மடங்கியது.

"போங்க, போங்க!"

"ரோடு வரைக்கும் நானே விட்டுட்டு வாரேன்," என்று சவரிமுத்து முன்னால் நடந்தார்.

பெரிய சாலையில் சிப்பாய்கள் நிறைந்த லாரி நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் பஞ்சுவுக்கு உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது.

"தப்பிச்சோம்டா மன்சூர்! நல்ல வேளை, மனுஷர் சரியான ஏமாளி. ஜெபம் எது, ஓநாய்க் கதை எதுன்னு தெரியலை பாரேன்! முழுக்கக் கேட்கக்கூடப் பொறுமை இல்லாம ஆமென் போட்டுட்டார்."

"சும்மா வாடா. அவருக்குக் கேட்டுரப் போவுது."

கேட்டேவிட்டது. சவரிமுத்து நின்று திரும்பினார். கழுத்துச் சிலுவையை அவர் இன்னும் இறுகப் பற்றிக்கொண்டிருந்ததை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள்.

"சாமியாராப் போகணும்னு குருமடத்துல வருசக்கணக்கா லத்தீன் படிச்சவன் தம்பி நான்," என்றார். "கடைசி வரியில ஓநாய் அந்தக் குட்டியக் கொன்னுபோடும்லா? அதச் சொல்லவிட மனசு வரல. அதான், அதுக்கு முந்தியே ஆமென் போட்டேன்."