மடிப்பு மேசையில் ஒரு பாஷை

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் போய் முடியும் என்று அவளுக்குப் பயம்.

"சும்மா நிக்காதே, சொல்லு. நாள் பூரா வாய்க்குள்ள என்ன முணுமுணுக்கறே?" என்றார் லாண்டரி மேனேஜர்.

"அது வந்து சார்... ஒரு பாஷை."

"என்ன பாஷை?"

"என் பாஷை. நானே உண்டாக்கினது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அதே ஆள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"சும்மாதான் சார். சில பேர் ஸ்வெட்டர் பின்றாங்க இல்ல, அந்த மாதிரி."

பெரிய ஹோட்டலின் லாண்டரி அது. படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. கைக்கு ஓய்வில்லை, வாய்க்கு வேலையில்லை. ஒரு நாள் சோப்பு நுரைக்குத் தானே ஒரு பெயர் வைத்தாள். அப்புறம் கசங்கலுக்கு, கறைக்கு, போகாத கறைக்கு. வார்த்தைகள் சேரச் சேர அவற்றைக் கோக்க ஒரு முறையும் வந்தது. புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

"மெஷின்காரர் வேற மாதிரி சொல்றாரே. நீ என்னைத்தான் திட்டறியாம். நான் அந்தப் பக்கம் வந்தா முணுமுணுப்பு ஜாஸ்தியாகுதாம்."

"ஐயோ, இல்ல சார்!"

இல்லாமல் என்ன? அந்தப் பாஷையில் மேனேஜருக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு பெயர். ஒன்றுகூட மரியாதையானது இல்லை.

"திட்டினது உண்மைன்னு தெரிஞ்சா இன்னியோட நீ வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் புருஷன் முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டில் கிடக்கிறார். இந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

"உன் ஜோடியைக் கூப்பிடு."

ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. அவளுக்கு எதிரே நிற்கும் ஜோடிக்காரி வயதில் மூத்தவள். அதிகம் பேசாதவள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே மேனேஜர் அறைக்குள் வந்தாள்.

"நீதானே எதிர்ல நிக்கறே? இவ யாரைச் சொல்றா, என்ன சொல்றா?"

ஜோடிக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். வெறும் உளறல். இவளுக்குக் கொஞ்சம் மறை கழண்டிருக்கு. பல்லு முளைக்காத குழந்தை மழலை பேசும் பாருங்க, அதுக்காவது அம்மாவுக்கு அர்த்தம் புரியும். இது அதுவும் இல்ல."

"நிச்சயமா?"

"அர்த்தத்தோட பேச இவளுக்கு மூளை எங்க சார் இருக்கு?"

மேனேஜர் சிரித்துவிட்டார். "சரி, போங்க, போங்க. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

வேலை போகவில்லை. ஆனாலும் அவளுக்குக் காது மடல்வரை எரிந்தது.

உளறலாம்! மறை கழண்டிருக்காம்! உதறும்போது விரிப்பிலிருந்து பறக்கிற பஞ்சுத்தூசிக்குப் பெயர் வைக்க அவள் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள்! நல்ல நாளிலேயே வாயைத் திறக்காதவள், இன்றைக்குத் திறந்து அவளைப் பைத்தியமாக்கிவிட்டுப் போய்விட்டாள்.

இருவரும் மேசைக்குத் திரும்பினார்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறினார்கள்.

"கோபமா?" என்றாள் ஜோடிக்காரி.

"எனக்கென்னக்கா கோபம்?" என்று சிரித்தாள் அவள்.

சிரித்த வாயை மூடாமலே தன் பாஷையில் ஆரம்பித்தாள். ஜோடிக்காரியின் நடை, அவள் வீட்டுக்காரர், அவள் மூக்கு, அவள் குணம் எதையும் விடவில்லை. முகத்துக்கு நேரே நின்று திட்டலாம், முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தால் போதும். அந்தப் பாஷையால் கிடைத்த பெரிய சுகமே அதுதான். இன்றைக்குப் புதிதாக இல்லை, நினைத்துக்கொண்டால் திட்டுவதுதான்.

ஜோடிக்காரி தன் முனைகளைக் கொண்டுவந்து அவள் கையில் சேர்த்தாள். மடிக்கும்போது இரண்டு முகமும் கிட்டே வரும். அப்படி வந்த நேரத்தில் மெல்லச் சொன்னாள்:

'சத்தம் போடாம திட்டு. அந்த ஆளு கதவுகிட்டயே நிக்கறான்.'

அவள் தன்னையறியாமல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் நிஜமாகவே நின்றுகொண்டிருந்தார். அப்புறம்தான் உறைத்தது. ஜோடிக்காரி சொன்னது தமிழில் இல்லை.

ஒரு வார்த்தை பிசகவில்லை. 'அந்த ஆளு' என்ற இடத்தில், மேனேஜருக்கு அவள் வைத்ததிலேயே மோசமான பெயர்.

விரிப்பு கையிலிருந்து நழுவியது.

"அக்கா... உங்களுக்கு எப்படி?"

"எத்தனை வருஷமா உன் எதிர்ல நிக்கறேன்? காதை வீட்ல கழட்டி வெச்சிட்டா வரேன்?" இப்போது தமிழ், கிசுகிசுப்பாக.

"அப்ப... உங்களைப் பத்தி நான் சொன்னது?"

"எல்லாம் கேட்டாச்சு. என் நடையைப் பத்திச் சொன்னது நிஜம். எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொன்னது அதைவிட நிஜம். மூக்குதான் கொஞ்சம் அதிகம்."

"இவ்வளவும் தெரிஞ்சா மேனேஜர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன, மொழிபெயர்த்துச் சொல்லட்டுமா? உன்னை விட்டா எனக்குச் சரியா முனை பிடிக்கறவ யாரு இருக்கா? பிடி, பிடி. தரையில படுது பாரு."

விரிப்பு முடிந்தது. அடுத்தது தலையணை உறைகள், ஆளுக்கொரு குவியல். கிசுகிசுக்க முகம் கிட்டே வராது.

அவளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அந்தப் பாஷையில் அதற்கு வார்த்தையே வைத்திருக்கவில்லை. தமிழில் கேட்கலாமென்றால் மேனேஜர் இன்னும் கதவடியை விட்டு நகரவில்லை.

எதில் வாயைத் திறந்தாலும் ஆபத்து. அவள் பேசாமல் கையை நீட்டி, ஜோடிக்காரியின் குவியலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.