கைக்குழந்தை இல்லை

கிட்ட வாங்க கண்ணுங்களா, ஒருத்தி மூச்சைப் பிடித்து நிற்கும் கதையைச் சொல்கிறேன்.

வெளிநாட்டு வீட்டுவேலைக்கு அனுமதி தரும் அலுவலகம் இது. இரண்டு வயதுக்குள் பிள்ளை இருந்தால் தாய்க்கு அனுமதி இல்லை என்பது சட்டம். புருஷன் இடுப்பொடிந்து படுத்திருக்கிறான். இவள் போனால்தான் உலை கொதிக்கும். காலை வெயில் மேசைக் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. "கைக்குழந்தை உண்டா?" என்கிறாள் அதிகாரி. "இல்லைங்க மேடம். ஒரே பொண்ணு, பள்ளிக்கூடம் போறா." ஐந்து மாதப் பிள்ளை நாத்தனாரிடம் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து, பின்வரிசையில் யார் பிள்ளையோ வீறிட்டு அழுகிறது. வாய்க்குப் பொய் சொல்லத் தெரிகிறது; மார்புக்குத் தெரியவில்லையே! உள்ளே மடித்து வைத்த துணியையும் மீறி ரவிக்கையில் ஈரம் வட்டமாகப் பரவுகிறது. முந்தானையை இழுத்து மூடுகிறாள். கூட வந்த ஏஜென்ட் இளிக்கிறான். "புழுக்கம் மேடம், வேர்த்துடுச்சு." "ஏன்யா, நெஞ்சுல மட்டுமா வேர்க்கும்?" பின்வரிசைப் பிள்ளையின் அழுகை நிற்கவில்லை. அதிகாரி பேனாவை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள். "எத்தனை மாசம்மா?" இவள் உதட்டைக் கடிக்கிறாள். கடித்த உதட்டையும் மீறி வந்துவிடுகிறது: "அஞ்சு."

உங்கள் வீட்டில் பால்குடிக்கும் பிள்ளையை எந்தத் தாயும் இல்லையென்று சொல்லும் நாள் வராதிருக்கட்டும், என் செல்வங்களே.